பால்வாடிப் பிராயத்துப் பிள்ளைகளின் பொருட்டு

சேர்வராயன் மலையிலுள்ள மாரமங்கலம் ஊராட்சியின் கிராமங்களில் வாழும் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும், அவர்கள் தோட்டத்து வேலைக்குப் போன பின்பு பேரப்பிள்ளைகளைப் பகலெல்லாம் காத்துவரும் பாட்டன் பாட்டிமார்களுக்கும்:

உங்களில் பலர் என்னை அறிவீர்கள். அறியாதவர்களுக்கு நான் சொல்லிக்கொள்ளத் தக்கது, இம்மலைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தலையே ஜீவனமாகக் கொண்டு பல வருஷங்களைக் கழித்தவன் என்பதொன்றே. ஓய்வு பெற்றவனுக்கு ஊராருக்குப் புத்தி சொல்லும் உரிமை தானாக வந்து சேர்ந்துவிடுகிறது என்று நான் எண்ணவில்லை. ஆயினும், சென்ற ஜூன் மாதத்தில் ஒரு காலைப்பொழுது, பால்வாடி ஒன்றின் வாசலில் மூன்றரை வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தாய் சொன்ன வார்த்தை இத்தனை நாள் கழிந்தும் என் செவியை விட்டு அகலாதிருப்பதால், அதற்குரிய பதிலை அவருக்கு மட்டுமன்றி உங்கள் அனைவருக்குமே எழுதித் தீரவேண்டும் என்ற நிலைக்கு வந்திருக்கிறேன். “இங்க விட்டா என்னங்க படிக்கப் போறான்? நாளெல்லாம் வெளையாட்டுத்தானே!” என்றார் அவர்.

மறுவாரம் அதே பையனைச் சாலையோரத்தில் கண்டேன். காலை ஏழு மணிப் பனியில், கழுத்தில் பட்டியும் காலில் இறுக்கமான காலணியும் பூட்டப்பெற்று, தன் முதுகை விடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு, தனியார் நர்சரி ஒன்றின் வேனுக்காக அவன் காத்து நின்றான். மாலையில் அந்த வேன் திரும்பி வந்தபோது உறக்கம் கலையாமலேயே கீழே இறக்கப்பட்டான். அவனுடைய பைக்குள்ளே இரண்டு பக்கம் எழுதிவர வேண்டிய வீட்டுப்பாடம் இருந்தது. அந்தத் தாயைக் குறைகூற இம்மடலை நான் எழுதவில்லை. தன் கூலியில் ஒரு பங்கை மாதந்தோறும் எடுத்து வைத்து அந்த வேனுக்கும் பள்ளிக்கும் கட்டுகிற அவருடைய அன்பு என் அன்பினும் பெரியது. ‘தானே’ என்கிற அந்த இரண்டெழுத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்ணத்தோடுதான் எனக்கு வழக்கு.

அந்த எண்ணம் எங்கிருந்து பிறந்தது என்பதையும் நான் அறிவேன். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த காலம் தொட்டு, சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து உண்டிருந்த நிலங்களின் நடுவே தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள் உங்கள் பாட்டன்மார். எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்த தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. அந்தத் தலைமுறையின் பேரன்களும் பேத்திகளும் தம் பிள்ளைகளை எத்தனை சீக்கிரம் எழுத்துக்குள் இறக்கலாமோ அத்தனை சீக்கிரம் இறக்கிவிட வேண்டும் என்று துடிப்பது இயற்கை. அதில் அணுவளவும் குற்றமில்லை. பயிர் செழிக்க வேண்டும் என்னும் ஆசை நியாயமானது. நாற்று நிலைகொள்ளும் முன்பே அதைப் பிடித்து இழுத்து உயரமாக்கப் பார்ப்பதுதான் பயிருக்கு ஆகாதது என்பதை, மிளகுக்கொடியை மரத்தில் ஏற்றிப் பழகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே, ‘விளையாட்டுத்தானே’ என்று தள்ளப்படுகிற அந்தக் காரியத்தை ஒருமுறை என்னோடு சேர்ந்து அருகிருந்து பாருங்கள். மார்கழிக் குளிரில் காப்பிப்பழம் பறிக்கும் நாட்களில், அதை உலர்த்தும் களத்தின் ஓரத்தில் சில்வர் ஓக் மர நிழலில், ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கடை வைத்திருக்கக் கண்டேன். உதிர்ந்து கிடந்த சிவந்த பழங்கள் அவளுக்குத் தக்காளி. பொறுக்கிய கூழாங்கற்கள் உருளைக்கிழங்கு. பலா இலைகள் ரூபாய் நோட்டு. நான்கு வயதுப் பையன் ஒருவன் இரண்டு இலை கொடுத்துத் தக்காளி கேட்டான். ‘பெரிய இலை ஒன்றுக்குச் சின்ன இலை இரண்டு’ என்று அவள் விலை சொன்னாள். அவன் ஒப்பவில்லை. இருவருக்குள்ளும் வழக்கு மூண்டு, மூன்றாவது பிள்ளை பஞ்சாயத்துக்கு வந்து, கடைசியில் சின்ன இலைக்கும் பெரிய இலைக்கும் ஒரு கணக்கு அவர்களுக்குள்ளேயே தீர்மானமாகி, வியாபாரம் மறுபடியும் நடந்தது. அரைமணி நேரம் நான் நின்று பார்த்த அந்தக் காட்சியில் எந்தப் பாடபுத்தகமும் இல்லை. ஆனால் பேச்சு இருந்தது, பேரம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, கோபத்தை அடக்கிக்கொள்ளும் பயிற்சி இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பொருளை இன்னொரு பொருளாகப் பாவிக்கும் ஆற்றல் இருந்தது.

அந்தக் கடைசி ஆற்றலின் மேல் உங்கள் கவனத்தை விசேஷமாக நிறுத்த விரும்புகிறேன். ருஷ்ய தேசத்து மனோதத்துவ அறிஞர் வீகாட்ஸ்கி, 1933-இல் குழந்தைகளின் விளையாட்டைக் குறித்து நிகழ்த்திய சொற்பொழிவு ஒன்றில், குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற குழந்தையை எடுத்துக்கொண்டு, அந்தக் குச்சியே அதன் அறிவு வளர்ச்சியின் பெருந்திருப்பம் என்று விளக்கினார். அதுவரையில் கண்ணுக்கு எதிரே இருக்கும் பொருளுக்கு அடிமைப்பட்டிருந்த மனம், அன்றுதான் பொருளை ஒருபுறமும் அதன் அர்த்தத்தை மறுபுறமும் பிரித்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது. இப்பொழுது நீங்களே யோசித்துப் பாருங்கள். எழுத்து என்பது வேறென்ன? ‘அ’ என்று கரும்பலகையில் வளைத்துக் காட்டும் கோட்டுக்கும் வாயைத் திறந்து நாம் எழுப்பும் ஒலிக்கும் இயற்கையில் யாதொரு சம்பந்தமும் இல்லை. அந்தக் கோட்டை அந்த ஒலியாகப் பாவிக்க வேண்டியிருக்கிறது. பலா இலையை ரூபாயாக மனமொப்பிப் பாவித்துப் பழகிய குழந்தைக்கு அது எளிய காரியம். அவ்வாறு பாவித்துப் பழக அவகாசம் பெறாத குழந்தைக்கோ ‘அ’ என்பது காரணம் தெரியாமல் பிரம்புக்கு அஞ்சித் திரும்பத் திரும்ப வரைய வேண்டிய ஒரு கோணல் கோடு, அவ்வளவே. எழுத்துக்கு முந்திய எழுத்துப் பயிற்சி அந்த மரநிழலிலேதான் நடந்துகொண்டிருந்தது. நீங்கள் அதை விட்டு உங்கள் பிள்ளையை எழுப்பி வேனில் ஏற்றுகிறீர்கள்.

விளையாடிப் பழகிய பிள்ளைக்கு ஓரிடத்தில் உட்காரும் அடக்கம் எப்படி வரும் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அதற்கும் விடை இருக்கிறது. மனுய்லென்கோ என்பவர் சோவியத் நாட்டில் 1948-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை அசையாமல் நிற்கும்படி கட்டளையிட்டுப் பார்த்தார். பிறகு அதே பிள்ளைகளை விளையாட்டில் காவற்காரராக நிற்கவைத்துப் பார்த்தார். கட்டளைக்காக நின்ற நேரத்தை விடக் காவல் விளையாட்டுக்காக நின்ற நேரம் மிக அதிகமாயிருந்தது. கண்ணாமூச்சியில் புதரின் பின்னே மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருக்கும் உங்கள் மகளைக் கவனித்தீர்களானால் இது உங்களுக்கே விளங்கும். தும்மல் வந்தாலும் அடக்குகிறாள், எறும்பு கடித்தாலும் பொறுக்கிறாள். நாலு வயதுப் பிள்ளைக்கு வெளியிலிருந்து வரும் அதட்டல் தராத தன்னடக்கத்தை, தானே விரும்பி ஏற்ற விதி தருகிறது.

கணக்கும் அப்படியே. சுவிட்சர்லாந்து தேசத்துப் பியாஜே என்னும் பேரறிஞர் கண்டு சொன்ன ஓர் உண்மையை உங்கள் வீட்டிலேயே நீங்கள் சோதித்துக்கொள்ளலாம். ஒரே அளவுள்ள இரண்டு அகன்ற கிண்ணங்களில் சமமாகத் தண்ணீர் எடுத்து, ஒன்றில் இருப்பதை மட்டும், குழந்தையின் கண்ணெதிரே, ஒடுங்கி உயர்ந்த தம்ளரில் ஊற்றுங்கள். எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயர்ந்த தம்ளரையே காட்டும். ஏழு வயதை ஒட்டித்தான் இரண்டும் ஒன்றே என்ற தெளிவு அதற்குப் பிறக்கிறது. அந்தத் தெளிவை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. கொட்டாங்கச்சியால் மணலை அள்ளி அள்ளிக் கொட்டி, மண்சோறு ஆக்கிப் பகிர்ந்து, தண்ணீரைச் சிந்திச் சிந்தித் திட்டும் வாங்கிக்கொண்டு குழந்தை தானே அதை அடைய வேண்டும். பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிகளுக்கும் ஐந்தைந்தாகப் புளியங்கொட்டையைப் போட்டு, ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாக விதைத்துக்கொண்டு போய், நான்கு சேர்ந்த இடத்தில் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ளும் பாட்டியின் எதிரே உட்கார்ந்திருக்கும் பேத்தி, கூட்டலையும் கழித்தலையும் அந்தப் பெயர்கள் இல்லாமலே செய்துகொண்டிருக்கிறாள். நம் வீடுகளில் அந்தப் பலகைகள் பரணேறிவிட்டன; அவற்றின் ஸ்தானத்தில் கைப்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது. அழுகிற பிள்ளையை அடக்க அதைக் கொடுக்கிறீர்கள். களைத்து வந்த உடம்புக்கு வேறு உபாயம் தோன்றுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் கைப்பேசிக்குள் ஓடும் பொம்மையோடு பிள்ளை பேரம் பேச முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துப் பாருங்கள். வளர்ந்தவருடைய மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கோ அவை எலும்பே அல்ல, வெறும் குருத்து. வருஷத்துக்கு ஒன்று இரண்டாக மெள்ள மெள்ள இறுகிவருகின்றன. கடைசி எலும்பு இறுகுவதற்கு ஒன்பது வயதுக்கும் மேலாகிறது. அத்தகைய இளங்கையில் பென்சிலைத் திணித்து, கோடு விலகாமல் பக்கம் பக்கமாக எழுதச் செய்வது, அந்தக் கை எதற்கு ஆயத்தமாகவில்லையோ அதை அதனிடம் கேட்பதாகும். களிமண்ணைப் பிசைவதும், பலா இலையை மடக்கி ஈர்க்குச் செருகிக் கரண்டி செய்வதும், ஐந்தாங்கல்லை எறிந்து புறங்கையில் ஏந்துவதும் விரல்களுக்குத் தக்க பயிற்சிகள். அப்பயிற்சி பெற்ற கை ஆறு வயதில் பென்சிலைப் பிடிக்கும்போது எழுத்து தானே வழுக்கிக்கொண்டு வருவதை நான் ஆண்டுதோறும் கண்டிருக்கிறேன். மூன்று வயதிலேயே எழுதத் தொடங்கி, முதல் வகுப்புக்கு வரும்போதே எழுத்தின் மேல் வெறுப்புக் கொண்டுவிட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். அவர்களுடைய கையை விட மனத்தைச் சரிசெய்வதற்கே எனக்கு அதிக காலம் பிடித்தது.

இவையெல்லாம் சீமையிலிருந்து இறங்கிவந்த நூதன சித்தாந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நம்முடைய புலவர்கள் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே ஏற்படுத்தி வைத்தார்கள். அது காப்புப் பருவத்திலே தொடங்கி, ஐந்தாம் மாதத்தில் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கையைச் சேர்த்துக் கொட்டும் சப்பாணி என்று, குழந்தையின் உடம்பும் அறிவும் வளரும் படிகளை ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போகிறது. ஆண்பிள்ளைக்கு அதன் முடிவான பருவங்கள் எவை? சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கோ அம்மானையும் நீராடலும் ஊசலும். மணல்வீடும் பறையும் தேரும் பந்தும் ஊஞ்சலும்தான் அந்தப் புலவர்களின் கண்ணுக்குக் குழந்தை வளர்ச்சியின் சிகரமாகத் தோன்றின. தேவநேயப் பாவாணர் 1954-இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று ஒரு நூலே எழுதி, தெருவிலும் திண்ணையிலும் ஆடிய ஆட்டங்களை அவற்றின் விதிகளோடு பதிந்து வைத்தார். மொழியாராய்ச்சியில் மூழ்கியிருந்த அத்தகைய பேரறிஞர் கிட்டிப்புள்ளுக்கும் பாண்டிக்கும் தம் காலத்தைச் செலவிட்டது வீணென்று எவரும் சொல்லத் துணியார்.

இம்மலையைப் போன்ற இன்னொரு தமிழ்நாட்டு மலையில் நடந்த ஒரு காரியத்தையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். இத்தாலி தேசத்து மருத்துவரும் குழந்தைக் கல்வியின் பேராசிரியருமான மரியா மாண்டிசோரி அம்மையார், 1939 நவம்பரில், தம் அறுபத்தொன்பதாம் வயதில், அடையாற்றுப் பிரம்ம ஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னைக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தத்தில் இத்தாலி எதிர்த்தரப்பில் சேர்ந்ததால் அவர் தாயகம் திரும்ப முடியவில்லை. யுத்த வருஷங்களில் ஒரு பகுதியைக் கொடைக்கானலிலே கழித்தார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, மரம் செடி கொடிகளையும் மண்ணையும் பூச்சிகளையும் அவர்கள் தம் கையாலே தொட்டு ஆராயவிட்டு, அந்த அனுபவத்தின் மேல் தம் பிற்காலத்துக் கொள்கைகளைக் கட்டினார். உலகம் போற்றுகிற அக்கொள்கைகளுக்குக் கொடைக்கானல் காட்டின் இலையும் தழையும் கருவியாயிருந்தன என்றால், சேர்வராயன் காட்டின் இலையும் தழையும் உங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் எவ்விதத்தில் தாழ்ந்து போயின?

மாண்டிசோரி அம்மையாரின் கருவிகள் விலை மிகுந்தவை, அவை பணக்காரப் பிள்ளைகளுக்கே ஆகும் என்று ஒரு குறை அக்காலத்திலேயே இருந்தது. அக்குறையைத் தீர்த்தவர்களின் கதையே உங்களுக்கு மிக நெருக்கமானது. கிஜுபாய் பதேகாவோடு சேர்ந்து 1926-இல் நூதன் பால் சிக்ஷண் சங்கம் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிய தாராபாய் மோடக், நகரத்துப் பிள்ளைகளோடு நின்றுவிட மனமின்றி, 1945-இல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்துப் போர்டி என்னும் கிராமத்துக்குப் போனார். பதின்மூன்றாம் வயதில் மணமாகி, ஆறு மாதத்துக்குள் கைம்பெண்ணாகி, பின்பு படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அங்கே அவருடைய வலக்கையாகச் சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. ஆகவே பள்ளி அவர்களைத் தேடிப் போயிற்று. சேரியின் நடுவில் யாரோ ஒருவர் வீட்டு முற்றத்தில் பிள்ளைகளைக் கூட்டி விளையாட்டும் பாட்டுமாகக் கற்பித்தார்கள். அங்கன் என்றால் முற்றம்; நாம் இன்று வாய்க்கு வந்தபடி உச்சரித்துவிட்டுப் போகிற ‘அங்கன்வாடி’ என்ற சொல் அந்த முற்றத்திலேதான் பிறந்தது.

பிறகு, 1950-களின் பிற்பகுதியில், இருவரும் கோஸ்பாட் மலைக்கு ஏறினார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் வார்லி என்னும் பழங்குடி மக்கள். உங்களைப்போலவே காட்டையும் கூலியையும் நம்பியிருந்தவர்கள். மாடு மேய்க்கப் போகிற பிள்ளை வகுப்புக்கு எப்படி வருவான் என்று எல்லோரும் கையை விரித்தபோது, மேய்ச்சல் வெளியிலேயே பள்ளியை நடத்தினார்கள் அவர்கள். சீமைக் கருவிகளுக்குப் பதிலாகக் கூழாங்கல்லையும் விதையையும் கிளிஞ்சலையும் இலையையும் பூவையும் வைத்து வண்ணமும் வடிவமும் எண்ணும் கற்பித்தார்கள். பழங்குடிப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது எதுவோ அதிலிருந்தே தொடங்கினார்கள். அந்த மலையிலும் முற்றங்களிலும் ருசுவான முறைதான், பிறகு இந்திய சர்க்காரின் கண்ணில் பட்டு, மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972-இல் அளித்த அறிக்கைக்கும் வலுவூட்டி, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தேசமெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, உங்கள் ஊர்ப் பால்வாடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. கடலோரத்து ஏழைகளின் முற்றத்திலே தோன்றி, ஒரு மலைவாழ் மக்களிடையே வளர்ந்து, இன்னொரு மலைவாழ் மக்களின் வாசலுக்கு வந்த பொருளை, நீங்கள் ‘விளையாட்டுத்தானே’ என்று வாசலோடு திருப்பி அனுப்புகிறீர்கள்.

அவசரப்பட்டவர்களின் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் மிஷிகன் மாநிலத்து யிப்சிலாண்டி என்னும் ஊரில், 1967-இல் தொடங்கி, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் 68 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆசிரியர் கட்டளையிட்டு எழுத்தும் எண்ணும் பாடமாக நடத்தப்பட்டன. மற்ற இரு பிரிவினரும் பெரும்பாலும் தாமே தேர்ந்துகொண்ட விளையாட்டிலும் செயல்களிலும் ஈடுபட்டார்கள். தொடக்கத்தில் மூன்று பிரிவுகளும் அறிவுச் சோதனையில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறின. அந்தப் பிள்ளைகளை இருபத்துமூன்று வயது வரையில் தொடர்ந்து விசாரித்தபோது, பள்ளிப் பருவத்தில் மனக்கலக்கத்துக்காகத் தனிக் கவனிப்புத் தேவைப்பட்டவர்கள், கட்டளைப் பாடம் கேட்ட பிரிவில் 47 சதவீதமும் மற்ற இரண்டு பிரிவுகளில் 6 சதவீதமும் என்று தெரியவந்தது. 68 பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. இதனை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எவரும் சட்டம் இயற்ற மாட்டார். ஆனால் முன்கூட்டித் திணித்த எழுத்து நீங்கள் ஆசைப்படும் லாபத்தைத் தருவதாகவாவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதுவும் தெரியவில்லை. ஃபின்லாந்து தேசத்தில் பிள்ளைகள் பள்ளி வகுப்பில் அமர்வது ஏழாவது வயதில். அந்த நாட்டார் கல்வியில் பின்தங்கியவர்கள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நம் நாட்டுக் கல்வி உரிமைச் சட்டமும், 2009-இல் இயற்றப்பட்டபோது, கட்டாயக் கல்வியை ஆறு வயதிலிருந்தே தொடங்கியது. அதன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும் விதித்தது.

நம் மாநிலத்துப் பால்வாடிகளுக்கென்று வகுத்த பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. அதன்படி நடத்த விரும்புகிற டீச்சரின் வழியில் யார் நிற்கிறார்கள் என்று நான் விசாரித்தேன். வருத்தத்தோடு சொல்கிறேன், நீங்கள்தான் நிற்கிறீர்கள். மாலையில் பிள்ளையை அழைக்க வருகிற நீங்கள், அவனுடைய சிலேட்டைத் திருப்பிப் பார்க்கிறீர்கள். அதில் எழுத்து இல்லையென்றால் டீச்சரின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சி, மணலில் விளையாடும் நேரத்தைக் குறைத்து, பிள்ளைகளின் கையைப் பிடித்து நாலு எழுத்தை எழுதுவித்து அனுப்பும் டீச்சர்மார் உண்டு. அவர்கள் கற்ற முறை ஒன்று. உங்கள் பொருட்டு அவர்கள் செய்ய நேர்வது வேறொன்று. 2019 ஜனவரியில் நம் மாநிலத்து நடுநிலைப்பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைச் சர்க்கார் தொடங்கியதும் உங்களைப் போன்ற பெற்றோரின் ஆசையை உத்தேசித்தே. பெயர் எதுவாயினும் இருக்கட்டும். அந்த அறைக்குள்ளே மணலும் களிமண்ணும் கதையும் பாட்டும் நிலைக்க வேண்டும் என்பதே என் கவலை.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நம் ஏற்காடு உயர்ந்த விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றது. 1917-இல் தோன்றிய மான்ட்ஃபோர்ட் பள்ளியைப் போன்ற ஸ்தாபனங்களுக்குப் பல ஊர்களிலிருந்தும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அப்பெற்றோர்கள் அங்கே முதலில் கண்டு மகிழ்வது எதை? பரந்த மைதானத்தையும், மரங்களையும், தூய காற்றையும். சமவெளியிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பெரும்பணம் கொடுத்து அவர்கள் தேடி வருகிற பொருள், உங்கள் வீட்டு வாசலில் விலையில்லாமல் கிடக்கிறது. அதை விட்டு, உங்கள் பிள்ளையை ஜன்னல் சிறுத்த ஓர் அறைக்குள் அனுப்புவதற்காக நீங்கள் கூலிப்பணத்தைக் கட்டுகிறீர்கள். இது உங்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். நீங்களே உங்களுக்கு அதை இழைத்துக்கொள்ளலாகாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

பாட்டிமார்களே, உங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. காஞ்சியிலிருந்து மலையேறி வந்த உங்கள் முன்னோர்களான அண்ணன் தம்பிகளின் கதையை உங்கள் வாயிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். எந்தப் பூ பூத்தால் மழை வரும், எந்தத் தேனீ எந்தக் கிளையில் கட்டும், சாமைக் கதிரை எப்பொழுது அறுக்கலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரும் வழி, அவன் உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு காட்டோரம் திரிகிற இந்த இரண்டு மூன்று வருஷந்தான். ‘எனக்கென்ன தெரியும், நான் படிக்காதவள்’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் பால்வாடிக்குப் போய் உட்கார்ந்து, ஒரு கதை சொல்லி, பல்லாங்குழியை எடுத்து வையுங்கள். டீச்சருக்கு அது பெரும் உதவியாயிருக்கும்.

இனி நான் உங்களிடம் வேண்டுவதைச் சொல்கிறேன். வருகிற அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும். தேசத்தில் அந்தக் குழந்தை வளர்ச்சித் திட்டம் பிறந்த நாளும் அதுவே. ஊர்க்கவுண்டர்களும் ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுக்களும் தவறாமல் வாருங்கள். சாலை, தண்ணீர், விளக்கு என்று பேசவேண்டியவை பல உண்டு. அவற்றோடு இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு பால்வாடியை ஒட்டியும், ஒரு காப்பிக் களத்தின் அளவு நிலமாவது, கட்டடம் எழுப்பாமல், வண்டி நிறுத்தாமல், விறகு அடுக்காமல், குழந்தைகளுக்கென்றே விடப்பட வேண்டும். அதில் இரண்டு வண்டி மணல் கொட்டப்பட வேண்டும். நிழலுக்கு ஒரு பலாவும், ஊஞ்சல் கட்ட உறுதியான கிளையுள்ள ஒரு மரமும் வேண்டும். மழை மாதங்களுக்கு ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இறக்கினால் போதும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. தீர்மானம் போட்டு, நாலு பேர் ஒரு நாள் உடலுழைப்புத் தந்தால் முடிந்துவிடும்.

ஐந்து வயது நிறையாத பிள்ளையை வேனில் ஏற்றுவதில்லை என்று உங்களுக்குள்ளே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்குப் பயமாயிருக்கும். அண்டைவீட்டுப் பிள்ளை முந்திவிடுமோ என்ற பயம். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் பயம் எவருக்கும் இல்லை. ஐந்து வயதுக்குப் பின்னர் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்பது உங்கள் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். அதுவரையில், மாலையில் பிள்ளையை அழைக்கப் போகும்போது சிலேட்டைத் திருப்பிப் பார்க்காதீர்கள். ‘இன்றைக்கு யாரோடு விளையாடினாய்? என்ன விளையாடினாய்?’ என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். குறுக்கே பேசாமல் முடிவு வரைக்கும் கேளுங்கள்.

அந்தப் பையனின் தாய் இம்மடலைப் படிப்பாரா, படிக்கக் கேட்பாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க நேர்ந்தால் அவரிடம் ஒன்றே ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்மா, உங்கள் மகனுடைய இடம் பால்வாடியில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, டீச்சரிடம் கேட்டுவிட்டேன். நாளை மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ஒன்பது மணிக்கு அழைத்து வாருங்கள்; காலணி வேண்டாம். நானும் வாசலில் இருப்பேன்.